பூநாரைகள் கடக்கும் வரை

செந்தூரன் தாலியைக் கையில் எடுத்ததும் மண்டபத்தில் மின்சாரம் நின்றது. பூநாரைக் கூட்டம் அடிபடாமல் ஊரைக் கடக்கும் வரை, ஊருக்கு மின்சாரம் தரும் காற்றாலைகளை நிறுத்திவிடுவார்கள். பாய்மரச் சரக்குக் கப்பலிலிருந்து கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண் பவளமணியின் அப்பா, மண்டபத்துத் திரையிலிருந்து மறைந்துபோனார்.

"முகூர்த்தம் முடியப்போறது, கட்டுங்கோ," என்றார் ஐயர்.

"பறவை என்ன பஞ்சாங்கம் பாத்தா வருது?" என்று மணப்பெண்ணின் அத்தை அலுத்துக்கொண்டாள்.

பவளமணி செந்தூரனின் கையைப் பிடித்தாள். "அப்பா பாக்காம வேண்டாங்க."

அவன் தாலியைத் தாம்பாளத்தில் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே வானமே இளஞ்சிவப்பாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

முகூர்த்தம் முடிந்து வெகுநேரம் கழித்தே திரை ஒளிர்ந்தது. அப்பாவின் கையில் ஒரு சிவந்த இறகு இருந்தது.

"ஏளா, இப்பத்தான் எங்க கப்பலுக்கு மேல போச்சு. நீதான் அனுப்பினியா?"

"ஆமாப்பா," என்று பவளமணி கழுத்தை நீட்டினாள்.