ஆவுடையப்பன் சாரின் அழைப்பு

விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் பயிற்சி மாணவியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஆவுடையப்பன் சார் மகள் கல்யாணத்துக்கு அவர் குரலிலேயே இயந்திரத்தைப் போனில் பேசவைத்துச் சொந்தங்களை அழைப்பது. எல்லா வீடுகளிலிருந்தும் "கண்டிப்பா வந்துருவோம்" என்றே பதில் வந்தது.

தாலி கட்டி முடிந்தது. பெண் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அந்த வீடுகளில் போனை எடுத்துப் பதில் சொன்னவையும் இயந்திரங்கள்தான்.

"சாம்பாரையும் மிஷினே வந்து குடிக்குமா?" என்றார் சமையல்காரர்.

சார் வெறும் இலைகளைப் பார்த்தபடி நின்றார். "எல்லாரும் வாரோம்னு சொன்னதா சொன்னியேம்மா?"

கடவுளை நினைத்துக்கொண்டு, "என்னைக் கூப்பிடுங்க சார், நான் சாப்பிடுதேன்" என்றேன்.

அவர் கைகளைக் கூப்பினார். "வாம்மா. நீ சாப்பிட்டுத்தான் போகணும்."

அந்தக் கல்யாணத்துக்கு அவர் தன் வாயால் அழைத்தது என்னை மட்டும்தான்.