இரண்டரை நிமிடம்

அந்தத் தையல் கூடத்தின் முதலாளிக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் ‘பூட்டு’. பின்வாசலுக்குப் பூட்டு, மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு, கழிப்பறைக்குக்கூட ஒரு பூட்டு. சாவிக்கொத்து அவர் இடுப்பில். கேட்டால், துணி திருட்டுப் போகிறது என்பார்.

கட்டடங்களில் தீப் பாதுகாப்பைச் சோதிக்கும் அந்தப் பெண் ஆய்வாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘இஞ்ச் டேப்’. கதவின் அகலம் ஓர் அங்குலம் குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். சோதிக்கப் போன இடத்தில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. பூட்டின் மூன்று மாடிக் கட்டடத்தை இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டு வந்தவர்.

அப்பேர்ப்பட்ட பூட்டு தானாகவே போன் செய்து, வந்து பாருங்கள், என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றபோது ஆய்வாளருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

போனார். சாவி இல்லாமல், உள்ளேயிருந்து தள்ளினாலே பின்கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றார். படிக்கட்டில் ஒரு துணி மூட்டைகூட இருக்கக் கூடாது. கரண்ட் போனாலும் வழி காட்டும் விளக்குகள் எரிய வேண்டும். வாசலில் இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், அதில் பேரம் கிடையாது.

முதலாளி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தீப்பிடிச்சா, எல்லாரும் வெளிய வர எவ்வளவு நேரம் இருக்கும் மேடம்?”

“இந்தக் கட்டடத்துக்கு ரெண்டரை நிமிஷம்னு வெச்சுக்குங்க.”

பத்தே நாளில் வேலை முடிந்தது. ஆய்வாளர் மசியவில்லை. சோதனை முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்கு நடந்துபோகும் வாடகைத் தீயணைப்பான்களைப் பார்த்தவர் அவர். சுவரில் கதவு மாதிரி வரைந்து ‘அவசர வழி’ என்று எழுதியிருந்ததையும் பார்த்தவர். இந்த ஆளும் தன் தலை மறைந்ததும் பூட்டை எடுத்து மாட்டுவார் என்று அடித்துச் சொல்வார்.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றார். பின்கதவைத் தள்ளினார், திறந்தது. அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனார். அப்போதும் திறந்தது.

கீழ்த்தளத்தில் பொத்தான் தைக்கும் பெண்ணை ஓரமாக விசாரித்தார். சக்கர நாற்காலியில் வேலை பார்க்கிறவள். ‘பட்டன் அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“நாலு வருஷமா ரெண்டு பேர் தூக்கிவிட்டுத்தான் உள்ள வந்தேன் மேடம். இப்ப நானே வர்றேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பூட்டுக்கு என்னவோ ஆயிடுச்சு” என்றாள்.

ஒத்திகை வைக்கச் சொன்னதே முதலாளிதான். முதல் தடவை மணி அடித்ததும், பாதிப் பேர் கைப்பையை எடுக்கத் திரும்பி ஓடினார்கள். மாடியிலிருந்து இறங்கியவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு கதை பேசினார்கள். ஆறு நிமிடம் ஆனது. தெருவில் நின்று முதலாளி தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஒரு ஆள் குறையுது மேடம்.”

அவரே உள்ளே ஓடினார். தையல் மிஷின்களுக்கு நடுவே நாற்காலி சிக்கி உட்கார்ந்திருந்த பட்டன் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாளே மிஷின்களை நகர்த்தி அகலமாக வழிவிட்டார். ஆறாவது ஒத்திகையில் அறுபத்து நான்கு பேரும் இரண்டு நிமிடம் பத்து வினாடியில் தெருவில் நின்றார்கள்.

ஆய்வாளருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. திடீரென்று ஏன் இந்த மாற்றம்?

“வயசாகுது மேடம்” என்றார் முதலாளி. “ஒரு உயிர் போச்சுன்னா, அப்புறம் நான் எப்படித் தூங்குறது?”

இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று ஆய்வாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கொடுத்த டீயையும் குடித்தார்.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கட்டடத்தின் துணிக் கிடங்கில் தீப்பிடித்தது.

மணி அடித்தது. ஒருத்தரும் பைக்காகத் திரும்பவில்லை. இரண்டு நிமிடத்தில் கூடம் காலி. பட்டன் அக்கா மூன்றாவது ஆளாக வெளியே வந்துவிட்டாள். அவர்கள் கண்ணெதிரே கட்டடம் சாயங்காலம்வரை எரிந்து கூடாகிப்போனது. முதலாளி கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். அறுபத்து நான்கு சரியாக வந்ததும் தெரு ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மின்கசிவு என்று அறிக்கை வந்தது. ஆய்வாளரின் படம் பத்திரிகையில் வந்தது. துறையில் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவர் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

மறுவாரம் முதலாளி ஆய்வாளரின் அலுவலகத்துக்கு வந்தார். கை கூப்பினார். பிறகு ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு கூடம் இருக்கிறதாம். நான்கு மாடி, நூற்றுப் பத்துப் பேர்.

“அங்கயும் ஒருத்தர் மேல ஒரு கீறல் விழக் கூடாது. நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்.”

ஆய்வாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டைரியைப் புரட்டி, அடுத்த மாதம் பத்தாம் தேதி வருவதாகச் சொன்னார். அவ்வளவு நாள் தாங்காது, இந்த மாதமே முடித்தாக வேண்டும் என்றார் முதலாளி. ஆய்வாளர் சிரித்தார். நூற்றுப் பத்துப் பேருக்கு ஒத்திகையே பத்து தடவை வேண்டும், அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்டார்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே முதலாளி யோசிக்காமல் பதில் சொன்னார்:

“இன்சூரன்ஸ் முப்பதாம் தேதியோட முடியுது மேடம்.”