குருநகரில் ஓர் அமெரிக்க வாக்கு

"அப்பா, நீங்கள் அண்ணை சொல்லுற ஆளுக்குத்தான் போடப்போறியளாம். உண்மையோ?"

தொலைபேசித் திரையில் மகள் ஜெசிதாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. நியூ ஜெர்சியில் காலை. இரவு வேலை முடிந்து வந்தவள், தாதி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"ஆர் சொன்னது?" என்றார் மரியரட்ணம்.

"ஆரோ சொல்லிச்சினம். உண்மையோ இல்லையோ?"

"நான் இன்னும் ஒண்டும் முடிவெடுக்கேல்லைப் பிள்ளை."

"அந்தாள் வந்தால் என்ரை ஆஸ்பத்திரியிலை பாதிச் சனம் மருந்து வாங்கேலாது. யோசியுங்கோ." அரை மணி நேரம் அவரை யோசிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அரசியல் முடிந்ததும், அதுவரை பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி யசிந்தா திரைக்குள் தலையை நீட்டினாள். பேரன் வந்து விழுந்த பல்லைக் காட்டினான். கிழவி பல்லைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள்.

மரியரட்ணம் பென்சில்வேனியாவில் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடத்துக்கு மேல் பெட்டி அடுக்கிவிட்டு, ஓய்வெடுக்கச் சொந்த ஊரான குருநகருக்குத் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் இன்னும் பழுதாகாமல் இருந்தது அமெரிக்க வாக்குரிமை ஒன்றுதான். யசிந்தாவுக்கு அதுவும் இல்லை. பிரஜாவுரிமைச் சோதனைக்கு நூறு கேள்வி பாடமாக்க வேண்டும் என்றதும், "எனக்கு இருக்கிற நாடு காணும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே அவளிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

மகன் ஜெரிசன் பென்சில்வேனியாவிலேயே லொறி ஓட்டுகிறான். அவனும் தங்கையும் பேசி நாலு வருடம். போன ஜனாதிபதித் தேர்தலன்று அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய வாக்குவாதம், ஜெசிதா தான் சமைத்துக் கொண்டுபோன நண்டுக்கறியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வெளியேறியதில் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பெற்றோரை அழைப்பதுகூட நத்தார்ப் பண்டிகைக்கும் ஊர்க் கோவிலின் யாகப்பர் திருநாளுக்கும் என்றாகிவிட்டது.

இந்த வருடம் தேர்தல் நெருங்க நெருங்க எல்லாம் மாறியது. காலையில் மகன், பின்னேரம் மகள். ஒரு நாள் தவறுவதில்லை. இரண்டு பேரும் ஒரே குற்றச்சாட்டோடுதான் தொடங்குவார்கள்: அப்பா மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"எனக்கு விளங்கேல்லையப்பா," என்றார் மரியரட்ணம் மனைவியிடம். "நான் வாயே திறக்கிறேல்லை. உவை எப்பிடி உப்பிடி நினைக்கினம்?"

"முகத்திலை தெரியுதாக்கும்," என்றாள் யசிந்தா.

உண்மையில் மரியரட்ணத்துக்கு இரண்டு வேட்பாளரையும் பிடிக்கவில்லை. மகனின் ஆள் வரியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசும்போது தலையாட்டுவார். வந்தேறிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அகதியாகப் போய் இறங்கிய நாள் ஞாபகம் வந்து தலையாட்டல் நின்றுவிடும். மகளின் ஆள் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசினால் நியாயமாகப் படும். அடுத்த பேச்சில் கோவில் குளம் என்று இருக்கிற தன்னைப் போன்றவர்களை மடையர்களாக்குவது போலிருக்கும். நடுவில் நிற்கிற ஒருவனுக்கு என்று அந்தப் பெரிய நாட்டில் ஒருவரும் நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த வாக்குச்சீட்டு மாதாவின் படத்துக்குப் பின்னால் கிடந்தது. அதைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு கரித்தது.

மறுநாள் காலை மீன் வாங்கப் புறப்பட்டபோது சொன்னார்: "இண்டைக்கு ரண்டு பேருக்கும் சொல்லப்போறன். நான் ஒருத்தருக்கும் போடப்போறேல்லை. கதை முடிஞ்சுது. இனி என்னை ஆக்கினைப்படுத்த மாட்டினம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த யசிந்தா நிமிரவில்லை. "ஏன் உவ்வளவு அவசரம்?" என்றாள்.

சந்தையில் பக்கத்து வீட்டு எமில்ராஜ் பிடித்துக்கொண்டான். "என்ன அண்ணை, அமெரிக்கா முடிவாச்சோ?"

"முடிவாச்சு. ரண்டும் பழுதான மீன் எண்டால் என்னடாப்பா செய்யிறது?"

"வாங்காமல் வந்து பருப்பைக் காய்ச்ச வேண்டியதுதான்."

"அதைத்தான் செய்யப்போறன்," என்றார் மரியரட்ணம். பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாகியது. பாரை மீன் வாங்கிக்கொண்டு, பெரிய தெருவைச் சுற்றாமல் குறுக்கொழுங்கையால் வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவப் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனார். குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே யசிந்தா யாருடனோ தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை ஜெசிதா, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை. அப்பா முழுக்க உன்ரை அண்ணையின்ரை பக்கம் சாஞ்சிட்டார். பின்னேரம் கட்டாயம் எடுத்துக் கதை. சின்னவனையும் பக்கத்திலை வைச்சிரு."

மரியரட்ணம் மீன் பையோடு அப்படியே நின்றார். உள்ளே பேச்சு நின்றது. பிறகு மறுபடியும் இலக்கங்கள் அழுத்தும் சத்தம்.

"தம்பி ஜெரிசன், நித்திரையோ? ஒண்டுமில்லையடா. அப்பாவைத் தங்கச்சி நல்லா மாத்திப்போட்டாள். நீ இப்பவே ஒருக்கா எடுத்தால் நல்லம். நான் சொன்னதெண்டு சொல்லாதை."

அவர் மீனைக் கழுவி எடுத்துக்கொண்டு, சத்தமாகச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது. யசிந்தா அதை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்கடை மகன். என்னத்துக்கு எண்டு தெரியேல்லை."

மரியரட்ணம் அவளுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார்.

"ஓமடா தம்பி, தங்கச்சி சொல்லுறதிலையும் ஞாயம் இருக்குத்தானே," என்றார்.