தனிக்குடித்தன விசாரணை

கூடத்தில் இருந்தவர்கள்: பெட்டிக்கடையை மூடிவிட்ட மந்திரமூர்த்தி, மனைவி செண்பகம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மகன் பாலகணேஷ், மருமகள் பிரேமா, விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர். போதாததற்கு, டிவியில் காப்பீட்டு மானியத்துக்காகக் கத்தும் இரண்டு கட்சிக்காரர்கள்.

தனியார் இன்சூரன்ஸ் பிரீமியம் இந்த வருடம் இரட்டிப்பாகிவிட்டது. செண்பகத்தின் இதய ஆபரேஷனுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப வருமானத்தில் மகன் சம்பளத்தைச் சேர்த்தால் அது கிடைக்காது. அதனால், மகன் சண்டை போட்டு மாடியில் தனிக்குடித்தனம் போய்விட்டதாக ஒரு நாடகம். வசனம் மந்திரமூர்த்தியே சொல்லிக்கொடுத்தது: தண்ணீர் மோட்டார் தகராறு.

பிரேமா மோட்டார் பேச்சையே எடுக்கவில்லை.

"எங்க அம்மை செத்த மூணாம் நாளே, இங்கன சமைக்க ஆளில்ல, வான்னு போன் போட்டாங்க சார். இவங்ககூட எப்படி ஒண்ணா இருக்க?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிக்கொடுக்காத வசனம் இவளுக்கு எங்கிருந்து வருகிறது என்று மந்திரமூர்த்தி வியந்தார்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"அசத்திட்ட பிரேமா! என்னா நடிப்பு! சரி, எல்லாருக்கும் சோத்தைப் போடு."

"எங்களுக்கு மாடியில ஆக்கியாச்சு மாமா."

அவள் படியேறினாள். பாலகணேஷ் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான். அவன் நுழைந்ததும் மாடிக்கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ் விழுந்தது.