கேலரியில் ஒரு குரல்

ஊர் அணியின் ஆட்டக்காரர் கோல் அருகே தடுக்கி விழுந்தார். நடுவர் விசில் ஊதவில்லை.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா?" கேலரியே கொதித்தது. கல்லூரி நண்பர்கள் நடுவே அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நம்ம டீம் தோக்குது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க? அந்த ஆளு உனக்கு என்ன மாமனா மச்சானா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டென எழுந்தான்.

"எவ்வளவுடா வாங்கின?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். நண்பர்கள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவன் நிறுத்தவே இல்லை. நடுவர் ஒரே ஒரு முறை கேலரிப் பக்கம் திரும்பினார். அவன் சட்டென, முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கத்திய அந்த 'டா' தொண்டையிலேயே நின்றது.

வாசலில் ஷூ கழற்றும் சத்தம். கழுத்தில் விசிலோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"வாங்கப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

அப்பா நேரே சமையலறைக்குப் போய், வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கி அவன் முன்னால் வைத்தார்.

"நல்லாக் கொப்பளிடா. நாளைக்கு ஃபைனலுக்கும் நான்தான் ரெஃப்ரி."