சிலுப்பி எழுந்திருக்கவில்லை

"நீ வாசப்படியைத் தாண்டாத! அங்கயே நில்லு!"

கொல்லையிலிருந்து தையல்காரர் போட்ட சத்தத்தில், சமையலறை ஜன்னலில் தெரிந்த மனைவியின் முகம் சுருங்கியது.

"ஏன், நீங்க தொடலாம், நான் தொட்டா மட்டும் தப்பா? தீனி போட்டு வளர்த்தது நான். சிலுப்பி எழுந்திருச்சாளா, அதையாவது சொல்லுங்க."

"இல்ல."

நேற்று வரை கொல்லையையே இரண்டாக்கிய கோழி. இன்று காலை கூண்டைத் திறந்தபோது ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று பரப்பிக்கொண்டு கிடந்தது. தூக்கி நிறுத்தினால் சாய்ந்தது. போதாக்குறைக்கு, இன்னொரு கோழி கறுப்பியும் நொண்டத் தொடங்கியிருந்தது.

"தம்பி, இது தொத்து நோய்தான்," என்று மதில் மேல் தலையை நீட்டினார் பக்கத்து வீட்டுக்காரர். "பேசாம எல்லாத்தையும் புதைச்சுடு. மனுஷங்களுக்கும் பரவுமாம்."

தையல்காரர் குழாயடிக்கு ஓடினார். மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வீட்டுக்குள் போகவே பயந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத பெண்மணி. கையுறையை மாட்டிக்கொண்டு சிலுப்பியைத் தூக்கினார்.

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"நான் போடற ஊசியெல்லாம் துணிக்குத்தான் டாக்டர்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க, பயத்துல உளர்றேன். இது வீட்ல இருக்கறவங்களுக்குத் தொத்துமா? அதை மட்டும் சொல்லிடுங்க."

டாக்டர் கோழியின் கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். வெளிறிப்போன கொண்டையைத் தடவினார். பச்சையாகக் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினார். பிறகு குனிந்து, மண்ணிலிருந்து நீல நிறச் சில்லு ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். கூண்டைச் சுற்றி அப்படி நிறையக் கிடந்தன.

"இது என்ன?"

"பழைய பெயிண்ட் டாக்டர். உள்ரூமுக்குப் புதுசா அடிக்கலாம்னு கதவு, ஜன்னலை எல்லாம் நானே சுரண்டினேன். கூட்டி இங்கதான் கொட்டினேன்."

"அதைத்தான் கொத்தித் தின்னிருக்குங்க. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும். அது நரம்பைப் பாதிச்சா கால் விழுந்துடும். ரத்தம் எடுத்துட்டுப் போறேன், உறுதியாத் தெரிஞ்சுடும். எனக்கென்னவோ இது தொத்து நோயாத் தெரியல."

"அப்ப யாருக்கும் பரவாதா?"

"கோழிகிட்டேயிருந்து பரவாது."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்று மதிலைப் பார்த்துச் சொன்னவர், வீட்டுப் பக்கம் திரும்பி, "இனிமே நீ வெளிய வரலாம், ஒண்ணும் பயமில்ல!" என்று கத்தினார்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"இதுங்க போடற முட்டையை யார் சாப்பிடறீங்க? ஈயம் அதுலயும் இறங்கியிருக்கும்."

தினமும் தன் கையாலேயே அவித்து, உரித்து, வேண்டாம் வேண்டாம் என்றவளுக்குக் கெஞ்சி ஊட்டிவிட்ட தையல்காரர் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

கொல்லைக் கதவு திறந்தது. நிறைமாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு மனைவி படியிறங்கி வந்தாள்.