ஒரு சொட்டு ரத்தம்

"நீ என்ன திருடியாம்மா? கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத்தான் சுகர் பார்ப்பாளா உன் மருமக?"

மற்ற நாத்தனார்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார்கள். இவளுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

மாமியார் தரையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை துணி கிளிப்புகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வரிசையில் ஒரு பச்சை நுழைந்தால் போதும், வீடு இரண்டாகிவிடும்.

"மெதுவாப் பேசுடி. குழந்தைக்குச் சத்தம் ஆகாது."

"எத்தனை தடவை வந்தாலும் அத்தைன்னு ஒரு வார்த்தை உண்டா? நிமிர்ந்தாவது பார்க்கறாளா?"

"ஆட்டிசம்னு தெரியுமில்ல? அவளுக்குத் தோணும்போது பார்ப்பா."

கதவு திறந்தது. நிறைமாதத்தை நெருங்கிய வயிறோடு மருமகள் வந்தாள். விரல் நுனியில் பஞ்சு.

"வாங்க அண்ணி. இன்னிக்கும் ஏறித்தான் இருக்கு அத்தை. இன்சுலினைக் கூட்டுவாங்க போல."

"இந்த அக்கறை முதல் பிள்ளைக்கே இருந்திருக்கணும்," என்றாள் நாத்தனார். "மாசமா இருக்கறப்போ சுகர் கட்டுக்குள்ள இல்லேன்னா, பிள்ளைக்கு ஆட்டிசம் வர வாய்ப்பு அதிகமாம். நேத்துதான் படிச்சேன். கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாமில்ல?"

மருமகள் குழந்தையைப் பார்த்தாள்.

"அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க டாக்டர்."

"அப்போ உன் மேல தப்பே இல்ல?"

"என் தப்புதான் அண்ணி. இருங்க, காபி கொண்டு வரேன்."

அவள் சமையலறைக்குள் போனதும் நாத்தனாருக்கு முகமெல்லாம் வெற்றி.

"பார்த்தியாம்மா, அவளே ஒத்துக்கிட்டா! இதுல உன்னை வெளியில நிறுத்திக் கதவைச் சாத்தறது வேற. என்ன திமிரு!"

"சாத்திக்கோன்னு சொன்னதே நான்தான்."

"நீயா! எதுக்கு?"

"அவ விரலைக் குத்திக்கறதைப் பார்த்தா, என் கை தானா முன்னாடி போகுதுடி."

"உளறாதேம்மா. உன் கை எதுக்குப் போகணும்?"

மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன தடவை மாசமா இருந்தப்போ, சுகர் ஏறினா தினம் இன்சுலின் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஊசின்னாலே நடுங்கற பொண்ணு, ராத்திரியெல்லாம் அழுதா. எனக்கு மனசு கேக்கல. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. டாக்டர் கண்டுபிடிக்கறதுக்குள்ள காலம் கடந்துடுச்சு. இன்னி வரைக்கும் உன் தம்பிகிட்டகூட என்னைக் காட்டிக் கொடுக்கல அவ."

"அப்படி என்னம்மா பண்ணினே?"

"தினமும் அந்த மெஷின்ல வச்சது என் ரத்தம்டி. எனக்குத்தான் சுகரே கிடையாதே."